கனடாவில் முதல் மெத்தை: மலிவான ஸ்பிரிங் மெத்தை யாருக்குச் சரிவரும்?

மட்டக்களப்புக்குப் போனவனை ஊர் திரும்பவிடாமல் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற கதையைக் கேட்காத இலங்கைத் தமிழர் இல்லை. வந்தவனை விடுங்கள், அங்கே பிறந்து வளர்ந்த நாங்களே பாயோடு ஒட்டித்தான் கிடந்திருக்கிறோம் என்பது ரொறன்ரோவில் ஒரு மெத்தைக் கடைக்குள் நுழைந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. சுவரிலிருந்து சுவர்வரை மெத்தைகள். எதை அமுக்கிப் பார்ப்பது, என்ன கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. விற்பனையாளர் காட்டியதை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இப்போது விடுமுறைக்கு வந்து கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருக்கிறேன். வாவிக் காற்று வீசுகிறது, கீழே பன்பாய். மெத்தை என்ற ஒன்று உலகில் இருப்பதே மறந்துபோகும் இடம். ஆனால் களுவாஞ்சிக்குடியிலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போய் மூன்று கிழமையான தம்பி ஒருவர் படம் ஒன்று அனுப்பியிருக்கிறார். பழைய மாதிரி ஸ்பிரிங் மெத்தை, குயின் அளவு (60 அங்குல அகலம்), 250 டொலர். "அண்ணன், எடுக்கலாமா?" என்று கேட்கிறார். அவர் எப்படிப் படுப்பார், எடை என்ன, பக்கத்தில் யாரும் படுப்பார்களா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்கிறவர் மெத்தை விற்பவராகத்தான் இருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். தம்பிக்குப் பின்னால் போகப்போகிறவர்களுக்கும் உதவும்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இதில் ஒரு தனிக் குறை உண்டு. வீடு பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். அவர் போகும்போது கட்டிலும் மெத்தையும் அங்கே தயாராக இருக்கும். வாழ்நாளில் ஒரு மெத்தையையும் தேர்ந்தெடுத்து வாங்காத ஆண்கள் அக்கரைப்பற்றிலிருந்து வாழைச்சேனை வரை எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

முதலில் அந்த 250 டொலர் மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் போனெல் என்று அழைக்கப்படும் சுருள். உடுக்கைப் போல நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் அகன்ற கம்பிச் சுருள்கள் வரிசையாக நிற்கும். அவற்றைக் கம்பியாலேயே ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். மேலே மெல்லிய நுரையும் பஞ்சும், அதற்கு மேல் துணி. சுருள்கள் பிணைந்திருப்பதால் ஒன்று அமிழ்ந்தால் அடுத்ததும் சேர்ந்து இழுபடும். தோணியின் ஒரு முனையில் ஒருவர் ஏறினால் மறுமுனையில் இருப்பவர் ஆடுவதில்லையா, அதே கதைதான். இதற்கு மாற்றாக ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் போட்டுச் செய்வது பொக்கெற் ஸ்பிரிங். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கனடாவிலேயே கண்டுபிடித்த முறை அது. அதில் ஆட்டம் குறைவு, விலை கூடுதல்.

கடைக்காரர் "இதில் இத்தனை நூறு சுருள்" என்று ஒரு எண்ணைச் சொல்லி மயக்கப் பார்ப்பார். எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. கம்பியின் தடிப்பையும் கேளுங்கள். அதை கேஜ் என்ற எண்ணால் குறிப்பார்கள், வழக்கமாக 12க்கும் 15க்கும் இடையில் இருக்கும். எண் குறையக் குறையக் கம்பி தடிப்பு. 13 என்றால் உறுதியாகத் தாங்கும், 15 என்றால் மெல்லியது, விரைவில் அமிழும். கேட்டதற்கு விற்பவர் விழித்தால் மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். வழுக்கிக் கீழே விழுவது போல இருந்தால் அந்த மெத்தைக்கு ஆயுள் குறைவு.

இனி யாருக்கு என்ற கேள்வி.

மல்லாந்து படுப்பவர், நடுத்தர எடை, தனி ஆள், வியர்ப்பவர்: இந்த நான்கும் பொருந்தினால் தயங்காமல் வாங்கலாம். பாயில் பழகிய உடம்புக்கு, உடம்பின் வடிவத்துக்கு அமிழும் மெமறி ஃபோம் என்ற நுரை மெத்தை சேற்றுக்குள் கால் புதைந்தது போலத்தான் முதலில் இருக்கும். புரள முடியாது, கீழிருந்து சூடு வேறு. ஸ்பிரிங் மெத்தை உடம்பை மேலேயே வைத்திருக்கும், சுருள்களுக்கிடையே காற்று ஓடும். கனடாவில் என்ன வெக்கை என்று கேட்காதீர்கள். ஆடி மாதத்து ரொறன்ரோவில் குளிரூட்டி இல்லாத அறையில் ஒரு இரவு படுத்துப் பார்த்தால் தெரியும்.

குப்புறப் படுப்பவருக்கும் இது ஓரளவு சரி. மென்மையான மெத்தையில் வயிறும் இடுப்பும் உள்ளே போய் நாரி (கீழ்முதுகு) வளையும். காலையில் எழும்பும்போது நாரிப்பிடிப்பு. உறுதியான சுருள் அதைத் தடுக்கும். தலையணையை மட்டும் மெல்லியதாக வையுங்கள்.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத்தான் சிக்கல். பக்கவாட்டில் படுக்கும்போது பாரம் முழுவதும் தோளிலும் இடுப்பு எலும்பிலும் இறங்கும். அந்த இரண்டு இடமும் சற்று உள்ளே போனால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். மலிவான மெத்தையின் மேலே இருக்கும் நுரை அதற்குப் போதாது. இரண்டு கிழமையில் தோள் மரத்துப்போகிறது, கை விறைக்கிறது என்று சொல்லத் தொடங்குவார்கள். ஒல்லியான ஆளாக இருந்தால் இன்னும் மோசம், சுருளை அமிழ்த்தும் எடையே அவரிடம் இருக்காது. பலகையில் படுத்த மாதிரித்தான். இப்படிப்பட்டவர் ஒன்றில் பொக்கெற் ஸ்பிரிங்குக்குப் போக வேண்டும், அல்லது இதே மெத்தையின் மேல் இரண்டு அங்குல நுரை விரிப்பு ஒன்றைப் போட வேண்டும். மெத்தையையும் விரிப்பையும் சேர்த்தால் விலை எங்கே போகிறது என்று கடையிலேயே கணக்குப் பாருங்கள்.

100 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் இதை எடுக்காமல் இருப்பது நல்லது. நடுவில் பள்ளம் விழும். மெத்தையின் பிழையுமில்லை, அவருடைய பிழையுமில்லை, மெல்லிய கம்பிக்கு அவ்வளவுதான் தாங்கும்.

கட்டியான மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள், சில வைத்தியர்களும் சொல்வார்கள். நானும் நெடுநாள் நம்பினேன். 2003இல் லான்செற் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்கு உறுதியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர உறுதியான மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் நோவு கூடுதலாகக் குறைந்தது. ஆகவே "எவ்வளவு கட்டியோ அவ்வளவு நல்லது" என்று மாமா தொலைபேசியில் சொன்னால் "சரி மாமா" என்று கேட்டுக்கொண்டு நடுத்தரமானதை வாங்குங்கள்.

கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே 10 நிமிடம் படுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மல்லாந்து படுத்து நாரிக்குக் கீழே கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கட்டி. நுழையவே இடமில்லாவிட்டால் அளவுக்கு மீறி மென்மை.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையாளர் காட்டியதில் மேலே தலையணை போலத் தடித்த நுரை தைத்திருந்தது. தொட்டால் பஞ்சு, படுத்தால் சொர்க்கம். 10 வருட உத்தரவாதம் என்று தாள் ஒன்றும் தந்தார்கள். இரண்டாம் வருடம் நான் படுக்கும் இடத்தில் என் உருவமே பதிந்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளம் ஒன்றரை அங்குலம் இருந்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். என் பள்ளம் ஒரு அங்குலம்தான். அத்தோடு ஓரத்தில் தேநீர்க் கறை ஒன்று இருந்ததால் எதுவானாலும் உத்தரவாதம் போய்விட்டதாம். கடையின் பெயர் வேண்டாம், இந்த இரண்டு நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. ஆகவே மெத்தை வீட்டுக்கு வந்த அன்றே நீர்புகா உறை ஒன்றைப் போடுங்கள். மலிவான மெத்தைக்கு மேலே தடித்த நுரை இருந்தால் சந்தேகப்படுங்கள். முதலில் இறங்குவது சுருள் அல்ல, அந்த நுரைதான்.

விலையைப் பற்றி ஒரு சொல். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 250 என்று எழுதியிருந்தால் 13 வீத வரியோடு 282 டொலர் 50 சதம். கொண்டுவந்து இறக்கும் கூலி வேறு, கட்டில் சட்டம் வேறு. மெத்தையை மட்டும் வாங்கிவிட்டுத் தரையில் போடுவோம், ஊரில் தரையில்தானே படுத்தோம் என்று நினைக்காதீர்கள். புதிதாகப் போகிறவர்களில் அநேகர் நிலக்கீழ் அறைகளில்தான் இருக்கிறார்கள். அங்கே கொங்கிறீற்றுத் தரை குளிர்ந்திருக்கும், உடம்புச் சூட்டின் ஈரம் மெத்தையின் அடியில் போய்த் தேங்கும். சில மாதத்தில் புரட்டிப் பார்த்தால் கரும்பூஞ்சணம். ஊரில் என்றால் மாரி முடிந்ததும் மெத்தையை முற்றத்தில் போட்டு வெயில் காட்டுவோம். அங்கே முற்றமும் இல்லை, காட்டுவதற்கு வெயிலும் இல்லை. சலாகை வைத்த மலிவான கட்டில் ஒன்று போதும். சலாகைகளுக்கிடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குயின் அளவென்றால் நடுவில் ஒரு கால் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேட்டவர்களுக்குப் பதில்:

கல்முனையிலிருந்து போன தங்கச்சி, உங்கள் கணவர் இரவு வேலை முடிந்து அதிகாலை நான்கு மணிக்கு வந்து படுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போனெல் வேண்டாம். அவர் உட்காரும்போதே நீங்கள் விழித்துவிடுவீர்கள், பிறகு பிள்ளை விழிக்கும். கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்துப் பொக்கெற் ஸ்பிரிங் எடுங்கள். இரண்டு பேருக்கு டபிள் அளவும் வேண்டாம். அதன் அகலம் 54 அங்குலம், ஆளுக்கு 27. குழந்தைத் தொட்டிலின் மெத்தையே ஏறத்தாழ அந்த அகலம் இருக்கும். குயின் 60 அங்குலம்.

ஏறாவூர்த் தம்பி, தெருவோரம் போட்டிருந்த மெத்தையைத் தூக்கிவரலாமா என்று கேட்டீர்கள். பார்க்கப் புதிதாக இருந்தாலும் தொடாதீர்கள். ரொறன்ரோவில் மூட்டைப்பூச்சி பெரிய தொல்லை. இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் மெத்தையின் தையலுக்குள் ஒளிந்திருக்கும். ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு மருந்தடிப்பவருக்குப் போகும். தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்குவதானால் நால்மூலைத் தையலையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மெத்தையைப் படிக்கட்டால் எப்படி இறக்குவது என்று கேட்ட காரைதீவுத் தம்பிக்கு: நல்ல கேள்வி, எனக்கு யாரும் சொல்லவில்லை. நிலக்கீழ் வீட்டுப் படி ஒடுங்கியது, திருப்பமும் இருக்கும். மெத்தையைச் சற்று வளைத்துக் கொண்டுபோகலாம், அதற்கடியில் வைக்கும் பெட்டிச் சட்டம் வளையாது. நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பின்னேரம் முழுவதும் அதைப் படிக்கட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு நின்றோம். இரண்டு பாதியாக வரும் சட்டம் என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் சலாகைக் கட்டிலோடு நில்லுங்கள். படியின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

எத்தனை வருடம் உழைக்கும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் மெத்தைக்குப் பொதுவாக 5 முதல் 8 வருடம் சொல்வார்கள். இந்த விலையில் ஐந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிவிட்டால் பள்ளம் ஒரே இடத்தில் விழாது. இருபுறமும் படுக்கக்கூடியதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, இப்போது அது அரிது.

கடைசியாக, மகனிடம் போகும் அம்மா ஒருவர் பன்பாய் கொண்டுபோகலாமா என்று மகள் மூலம் கேட்டிருக்கிறார். கொண்டுபோங்கள் அம்மா, விமான நிலையத்தில் தாவரப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மார்கழியில் அதைத் தரையில் மட்டும் விரிக்காதீர்கள். என் மாமி வந்திருந்தபோது வாங்கிக் கொடுத்த ஸ்பிரிங் மெத்தையில் இரண்டு நாள் தூங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் மெத்தையின் மேலேயே பாயை விரித்துப் படுத்தார். அதன் பிறகு அவருடைய குறட்டைச் சத்தத்தில் நாங்கள்தான் தூங்கவில்லை.