ப்ளீட் உள்ள பிடிஎஃப்பில் கட்டிங் மார்க் 3 மி.மீ. வெளியே தள்ளி விழுகிறது: காரணம் என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மூலிகைச் செடிகள் பற்றிய இருபக்கத் துண்டறிக்கை ஒன்றை ஏ5 அளவில், அதாவது 148 × 210 மி.மீ. அளவில், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்தேன். நான்கு புறமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டு எல்லைக்கு வெளியே நீட்டி அச்சிடும் ஓரம்) விட்டிருந்தேன், ஓரத்தைச் சுற்றி 5 மி.மீ. அகலத்தில் பச்சைப் பட்டை ஒன்றும் உண்டு. 13 × 19 அங்குலத் தாளில் நான்கு பிரதிகள் வீதம் 500 தாள்கள் அச்சாகி, முதல் கட்டு வெட்டி வந்த பிறகுதான் பிழை கண்ணில் பட்டது. பட்டை 8 மி.மீ. அகலத்தில் நிற்கிறது, ஸ்கேல் வைத்து அளந்தால் துண்டறிக்கை 154 × 216 மி.மீ. இருக்கிறது. வெட்டியவர் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் குறியை (கட்டிங் மார்க்) பார்த்துச் சரியாகவே வெட்டியிருக்கிறார், குறிதான் இடம் மாறி விழுந்திருக்கிறது. குறிகளை நான் கோப்பில் சேர்க்கவில்லை. பக்கங்களைப் பெரிய தாளில் அடுக்கும் அச்சகத்தின் இம்போசிஷன் மென்பொருள்தான் சேர்த்தது. என் மூலக் கோப்பில் பக்க அளவு, ப்ளீட் இரண்டும் சரியாகவே உள்ளன. தவறு எங்கே நேர்ந்திருக்கும்?

மறுமொழி 1

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். துண்டறிக்கைக்குள் உங்களுக்கு அளவு தெரிந்த ஏதேனும் ஒரு கோட்டையோ கட்டத்தையோ அளந்து பாருங்கள். 100 மி.மீ. கோடு 97 அல்லது 104 என்று வந்தால், அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தெரிவு பக்கத்தைச் சுருக்கியோ பெருக்கியோ இருக்கிறது என்று பொருள். கோடு சரியாக 100 இருந்து குறி மட்டும் தள்ளியிருந்தால், கோளாறு பிடிஎஃப்பின் பக்கப் பெட்டிகளில் இருக்கிறது.

ஒரு பிடிஎஃப் பக்கத்துக்குப் பல எல்லைகள் உண்டு. முழுப்பரப்பைக் காட்டுவது மீடியா பாக்ஸ். ப்ளீட் முடியும் எல்லை ப்ளீட் பாக்ஸ். வெட்டிய பின் நிற்கும் அளவு ட்ரிம் பாக்ஸ். குறிகள் ட்ரிம் பாக்ஸின் மூலைகளைப் பார்த்தே போடப்படும். கோப்பில் ட்ரிம் பாக்ஸ் குறிக்கப்படவில்லை என்றால் மென்பொருள் கிராப் பாக்ஸை (திரையில் காட்டப்படும் பரப்பின் எல்லை) எடுத்துக்கொள்ளும், அதுவும் இல்லையென்றால் மீடியா பாக்ஸுக்கே போய்விடும். உங்கள் கோப்பின் மீடியா பாக்ஸ் 154 × 216 என்பதால், நீங்கள் சொல்லும் அளவு இதனோடு அப்படியே பொருந்துகிறது. இன்டிசைன் ஏற்றுமதி செய்யும்போது ட்ரிம் பாக்ஸைத் தவறாமல் எழுதிவிடும். ஆகவே ஏற்றுமதிக்குப் பிறகு அந்தக் கோப்பை என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. கோடு சரியாகவே இருக்கிறது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்திருந்தேன். அவற்றை ஒன்றாக்கவும், மின்னஞ்சலில் போகும் அளவுக்குச் சிறிதாக்கவும், கணினியில் உள்ள ‘பிடிஎஃப்பாக அச்சிடு’ என்ற மெய்நிகர் அச்சுப்பொறி வழியாக மீண்டும் ஒரு முறை அனுப்பி எடுத்தேன்.

மறுமொழி 2

காரணம் அதுதான். மெய்நிகர் அச்சுப்பொறிக்குப் பக்கம் என்பது வெறும் தாள். 154 × 216 தாளில் மை எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் அது எழுதி வைக்கும், வெட்டு எல்லையை எடுத்துச் செல்லாது. திரையில் பார்த்தால் இரு கோப்புகளும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் இந்தப் பிழை அச்சகம் வரை போய்விடுகிறது. பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட்டின் விருப்பத்தேர்வுகளில், பக்கக் காட்சிப் பகுதியில், ட்ரிம் மற்றும் ப்ளீட் பெட்டிகளைக் காட்டும் தெரிவை எப்போதும் இயக்கி வைத்திருங்கள். பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்இன்ஃபோ கட்டளையும் இந்தப் பெட்டிகளின் எண்களைப் பாயிண்ட் அளவில் (72 பாயிண்ட் ஓர் அங்குலம்) காட்டும்: உங்கள் ட்ரிம் பாக்ஸ் இடமும் கீழும் 8.50இல் தொடங்கி, வலப்புறம் 428.03, மேலே 603.78 என்று முடிய வேண்டும்.

திருத்த மூலக் கோப்புக்குத் திரும்பி, இரு பக்கங்களையும் ஒரே ஆவணமாக்கி, அச்சுக்கென உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-4 தரத்தில் ஏற்றுமதி செய்வதே நல்லது. அந்தத் தரம் வெட்டு எல்லை இல்லாத பக்கத்தை ஏற்காது. மூலக் கோப்பு கையில் இல்லாதவர்கள் அக்ரோபேட்டின் அச்சுத் தயாரிப்புக் கருவிகளில் பக்கப் பெட்டிகளை அமைக்கும் இடத்துக்குச் சென்று, ட்ரிம் பாக்ஸுக்கு நான்கு புறமும் 3 மி.மீ. உள்தள்ளல் கொடுக்கலாம், அலகு அங்குலத்தில் இல்லாமல் மி.மீ.இல் நிற்கிறதா என்பதையும், மாற்றம் எல்லாப் பக்கங்களுக்கும் போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிகளை நீங்களே சேர்த்து அனுப்ப நேர்ந்தால் இன்னொன்று: இன்டிசைனில் வெட்டு எல்லைக்கும் குறிக்கும் உள்ள இடைவெளி இயல்பாக 2.117 மி.மீ. என்றே இருக்கும். 3 மி.மீ. ப்ளீட்டுக்கு அது போதாது, குறியின் நுனி ப்ளீட்டுக்குள் நுழைந்துவிடும். அதை 3 மி.மீ.க்குக் குறையாமல் மாற்றுங்கள்.

மறுமொழி 3

நான்கு புறமும் ஒரே அளவு தள்ளாமல் ஒரு பக்கம் மட்டும் தள்ளி விழுபவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். எதிரெதிர்ப் பக்கங்கள் கொண்ட புத்தகத்தில் உள்பக்க ப்ளீட்டைப் பூஜ்ஜியமாக வைத்து ஏற்றுமதி செய்தால், மீடியா பாக்ஸின் நடுவும் ட்ரிம் பாக்ஸின் நடுவும் 1.5 மி.மீ. விலகி நிற்கும். அச்சிடுபவர் மீடியா பாக்ஸை நடுவில் வைத்தால், இடப்பக்கம் ஒரு திசையிலும் வலப்பக்கம் எதிர்த்திசையிலும் நகரும். நான் ஒரு சிறுவர் புத்தகத்தில் இதை இயந்திரக் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: அச்சான 500 தாள்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படம் சரியான அளவில், ப்ளீட்டோடு அச்சாகியிருக்கிறது. குறிப்படி 154 × 216 ஆக வெட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டிலும் நான்கு புறமும் 3 மி.மீ. சீவச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டிய கட்டுக்கும் இது பொருந்தும்.

கேட்டவர்

வெட்டி வந்த கட்டை இன்று மாலை அச்சகத்துக்கு எடுத்துச் சென்று சீவிப் பார்த்தோம். 148 × 210 வருகிறது. பட்டையும் 5 மி.மீ. நிற்கிறது. மீதித் தாள்களையும் இப்படியே வெட்டச் சொல்லியிருக்கிறேன். வெட்டும் வேலை இரட்டிப்பானதால் அதற்குரிய கூலியை நானே கொடுத்துவிட்டேன். அடுத்த பதிப்புக்கான கோப்பைப் பிடிஎஃப்/எக்ஸ்-4 ஆக ஏற்றுமதி செய்து எண்களைச் சரிபார்த்தேன், 8.50, 428.03, 603.78 என்று மறுமொழி 2இல் சொன்னபடியே உள்ளன. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.