பத்திரம் எழுதினா போதும்னு இருந்துட்டோம் - உங்க தொழில் எந்த வடிவத்துல இருக்குங்க?

திருப்பூர்ல நானும் என் மச்சானும் 2016ல பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்கு கூலிக்கு தைச்சு குடுக்கற யூனிட் போட்டோம், ஓவர்லாக் பேட்லாக்னு தையல் மெஷின் எல்லாம் சேத்து 14. ஸ்டாம்ப் பேப்பர்ல பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதி நோட்டரி முத்திரை வாங்கி, ஃபர்ம் பேர்ல பான் கார்டு எடுத்து, கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிச்சு, அடுத்த வருசம் ஜிஎஸ்டியும் வாங்கியாச்சு, இதுக்கு மேல பதிவுன்னு ஒண்ணு இருக்குன்னு யாரும் எங்களுக்கு சொல்லல.

2021ல ஒரு கம்பெனி தைச்சு குடுத்த கூலி 6 லட்சத்து 40 ஆயிரத்த நிறுத்திட்டாங்க. டிசி புக்கு (சரக்கு அனுப்பின சீட்டு), பில் காப்பி, அவங்க ஆளு பீஸ் எண்ணி வாங்கி கையெழுத்து போட்ட சீட்டு, எல்லாத்தையும் மஞ்சப்பையில கட்டிக்கிட்டு வக்கீல்கிட்ட போனோம். ஒவ்வொண்ணா புரட்டிட்டு "ஃபர்ம் ரிஜிஸ்டர் ஆயிருக்குதுங்களா?"ன்னு கேட்டார். நான் ஜிஎஸ்டி சர்டிபிகேட்ட எடுத்து நீட்டினேன். "இது வரிக்குங்க, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சது எங்க?"ன்னார். எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு.

1932ம் வருசத்து பார்ட்னர்ஷிப் சட்டத்துல 69வது பிரிவுங்க. பதியாம தொழில் பண்றது குத்தமில்ல, ஆனா நமக்கு வர வேண்டிய காசுக்கு ஃபர்ம் பேர்ல கேஸ் போட முடியாது, நம்ம மேல மட்டும் வெளியாளுங்க யாரு வேணா போடலாம். கேஸ போட்டுட்டு அப்புறம் பதிஞ்சாலும் அந்தக் கேஸ் நிக்காது, பதிஞ்சுட்டுத்தான் போடணும், அதுவும் 3 வருச கெடுவுக்குள்ள. நல்லவேளை எங்களுக்கு நாள் இருந்துச்சு, மொதல்ல பதிஞ்சோம். 3 லட்சத்துக்கு மேல இருக்கற வியாபார வழக்குன்னா கோர்ட்டுக்கு முன்னாடி சமரசத்துக்கு போகணுமாம், அங்கயே நாலரை லட்சத்துக்கு மூணு தவணையில முடிஞ்சுது. பதிஞ்ச சர்டிபிகேட் கையில இல்லாம போயிருந்தா அவங்க அந்த மேசையில வந்து உக்காந்திருக்கவே மாட்டாங்கன்னுதான் நான் இன்னைக்கும் நம்பறேன்.

இன்னொண்ணும் வக்கீல் சொன்னார், ரெண்டே பேர் இருக்கற ஃபர்ம்ல ஒருத்தர் தவறிட்டா ஃபர்மே கலைஞ்ச மாதிரி, தொடரும்னு பத்திரத்துல எழுதிருந்தாலும் சரி. அதனால என் சம்சாரத்தையும் மூணாவது பார்ட்னரா சேத்து, அந்த மாத்தத்தையும் பதிவேட்டுல ஏத்திட்டோம், அத ஏத்தாம விட்டா கேஸுன்னு வரும்போது மறுபடி அதே சிக்கல்தான். பார்ட்னர்ஷிப் வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு இன்னைக்கே பீரோவ திறந்து உங்க பத்திரத்த பாருங்க.



அண்ணா, எங்களுது காங்கேயம் பக்கம் தேங்காண்ணெய் மில்லு. அப்பா தனியாளா ப்ரொப்ரைட்டரா 20 வருசம் நடத்தினாரு, 2022ல திடீர்னு தவறிட்டாரு. காரியம் முடியறதுக்குள்ள கொப்பரை லாரி வாசல்ல வந்து நிக்குது, அக்கவுண்ட் அப்பா பேர்ல, செக்குல கையெழுத்து போட ஆளில்ல, அம்மா தோட்டைக் கழட்டி அடகு வெச்சுத்தான் லோடுக்கு காசு குடுத்தோம். தாலுக்கா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்கி, என் பேர்ல புது ஜிஎஸ்டி எடுத்து, அப்பா கணக்குல மிச்சமிருந்த இன்புட் கிரெடிட்ட (சரக்கு வாங்கறப்ப கட்டின ஜிஎஸ்டிய நம்ம வரியில கழிச்சுக்கறது) ஐடிசி 02 பாரத்துல மாத்தி, எண்ணெய்க்கு உணவு லைசென்ஸும் மாத்தற வரைக்கும் பாதி கடைக்காரங்க வேற மில்லுக்கு போயிட்டாங்க. அக்கவுண்டுக்கு நாமினியாவது போட்டு வைங்க, தனியாள் தொழில் கணக்குக்கும் போடலாம்.



நான் இதுக்கு நேர் எதிர்ங்க. கோயமுத்தூர்ல 2018ல நாங்க மூணு பேர் டிசைன் வேலைக்கு எல்எல்பி, அதாவது பார்ட்னர்களோட பொறுப்புக்கு வரம்பு இருக்கற பார்ட்னர்ஷிப் ஆரம்பிச்சோம், கடன் வந்தா வீட்டு மேல வராதுன்னு சொன்னாங்க, அது சரிதான். ஆனா வேலை வரலைன்னாலும் வருசாந்திர அறிக்கையான ஃபார்ம் 11 மே 30க்குள்ள, கணக்கு அறிக்கையான ஃபார்ம் 8 அக்டோபர் 30க்குள்ள போட்டே ஆகணும்னு எங்களுக்கு தெரியல. அப்பல்லாம் ஒரு ஃபார்முக்கு ஒரு நாளைக்கு 100 ரூபா லேட் ஃபீஸ். 2020 ஜனவரி கடைசில ஆடிட்டர் கணக்கு போட்டு காட்டினப்ப 34 ஆயிரம் கிட்ட நின்னுச்சு, அதுவரைக்கும் நாங்க மொத்தமா சம்பாதிச்சதே அவ்ளோ இல்ல. கட்டி மூடிட்டோம். இப்ப அதே வேலைய என் பேர்லயே பண்றேன், வெளியாள் யாராவது முதலீடு போட வந்தா அப்ப மாத்திக்கலாம்னு இருக்கேன்.