டூயல் பூட்: ‘இருவழித் தொடக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்து, கணினியைப் போடும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு நம் குழுவில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: இரட்டை இயக்கம், இரட்டைத் துவக்கம், ஈரியங்குதள நிறுவல், கவைத்தொடக்கம். டூயல் பூட் என்றே விட்டுவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நாம் மொழிபெயர்க்கும் நிறுவல் வழிகாட்டி இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரட்டை இயக்கம் வேண்டவே வேண்டாம். அதைப் படிக்கிற மாணவர், விண்டோசும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் ஒரே நேரத்தில் ஓடும் என்றுதான் நினைப்பார். அப்படி ஓட வைப்பது வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள்களின் வேலை. டூயல் பூட்டில் ஒன்று ஓடும்போது மற்றது வட்டில் வெறும் கோப்புகளாகக் கிடக்கிறது. மாற வேண்டுமென்றால் கணினியை மீண்டும் தொடங்கியாக வேண்டும்.

சொல் தவறாக இருந்தால் புரிதலும் தவறாகும், அதனால் தரவே போகலாம். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், அப்போதைய நிலையை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்த நேரத்தில் லினக்சுக்குள் போய் விண்டோசின் சி டிரைவைத் திறந்தால், பெரும்பாலும் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. எரிச்சலில் கட்டாயப்படுத்தி எழுதினால், விண்டோஸ் விழித்ததும் தன் பழைய நினைவை நம்பி வேலையைத் தொடங்கும். நாம் எழுதியது காணாமல் போகலாம், கோப்பு முறைமையே சிதையலாம். ஆகவே வழிகாட்டியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கச் சொல்லும் பத்தி, நிறுவும் படிகளுக்கு முன்பே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பது சொல்லிலேயே தெரிந்துவிட்டால், அந்தப் பத்தி வாசகருக்கு உடனே பிடிபடும்.

ஒரே கணினியை இரண்டு இயங்குதளங்கள் மாறி மாறிப் பயன்படுத்துவதால் ஒரு கடிகாரச் சிக்கலும் வருகிறது. தாய்ப்பலகையில் இருக்கும் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்சோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். உபுண்டுவிலிருந்து விண்டோசுக்குத் திரும்பினால், நம் ஊரிலும் இலங்கையிலும் நேரம் 5 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும். மதியம் 2 மணிக்குக் காலை 8.30 என்று காட்டும். தாய்ப்பலகை பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பேட்டரியில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு இயங்குதளங்களும் ஒரே கடிகாரத்தை வேறுவேறு விதமாகப் படிக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்து, துவக்கமா தொடக்கமா? தமிழ்நாட்டில் இரண்டும் புழங்குகின்றன. ஆனால் இந்தச் சொல் திரையில் வரப்போகிறது. அங்கே பொத்தானில் ஏவலாக நிற்கும். ‘துவக்கு’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகருக்கு அது துப்பாக்கி. இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் பெயர் அது. நம் மொழிபெயர்ப்பு இரு நாட்டுக்கும் போகிறது என்பதால் தொடக்கம், தொடங்கு என்றே இருக்கட்டும். பூட் என்பதன் வேரைத் தேடி ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற காலணிவார் வரைக்கும் போன நம் குழு நண்பரின் உழைப்பு பெரியது. காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது போல, நிரல் எதுவும் ஏறாத கணினி தன் முதல் நிரலைத் தானே ஏற்றிக்கொள்கிறது என்பதுதான் அதன் கதை. அந்த வாரைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டிய தேவை நமக்கு இல்லை.

ஈரியங்குதள நிறுவல் பொருளில் சரி. ஆனால் அது ஒருமுறை நடக்கும் வேலையின் பெயர். டூயல் பூட் என்பது அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் நடப்பது. தவிர, ‘ஈரியங்குதள’ என்பதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

கவைத்தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கவை என்றால் இரண்டாகப் பிரியும் கிளை. கவட்டை என்ற சொல் இன்றும் ஊர்ப்பக்கம் உண்டு. கணினியில் நடப்பதும் அப்படித்தான், ஓரிடத்தில் பிரிகிறது. ஆனால் படித்தவுடன் புரிய வேண்டிய இடத்தில், ஒருவர் விளக்கினால்தான் புரியும் சொல்லை வைப்பது சரியாக இருக்காது.

அந்தப் பிரியும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். பயாஸ் என்ற பழைய வகைத் தாய்ப்பலகை நிரல் உள்ள கணினியில், தொடங்குவதற்கு வட்டின் முதல் 512 பைட்டுகள்தான் எல்லாம். அதில் 446 பைட்டுகள் நிரலுக்கு, 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கு, மீதி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கு. 446 பைட்டில் ஒரு பட்டியை (மெனுவை) கூட ஒழுங்காகக் காட்ட முடியாது. அதனால் அந்தச் சின்ன நிரல், லினக்சைத் தொடக்கி ஏற்றும் க்ரப் என்ற நிரலின் பெரிய பகுதியை வட்டின் வேறோர் இடத்திலிருந்து எடுத்துவரும். அதுதான் உபுண்டுவா விண்டோசா என்று கேட்கும். விண்டோசை இரண்டாவதாக நிறுவினால் அது அந்த 446 பைட்டுகளின் மேல் தன்னுடையதை எழுதிவிடும், க்ரப் மறைந்துவிடும். ‘விண்டோசை முதலில் போடு, லினக்சை அப்புறம் போடு’ என்ற அறிவுரை இப்படி வந்ததுதான்.

பயாசுக்குப் பதிலாக யூஎஃபிஐ வந்த புதிய கணினிகளில் நிலைமை மாறிவிட்டது. வட்டில் ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் ஒரு சிறு பிரிவு இருக்கும். அதற்குள் ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென்று ஓர் அடைவு (ஃபோல்டர்) வைத்து, தன்னை ஏற்றும் நிரலை அங்கே போட்டுக்கொள்ளும். எதை முதலில் எடுப்பது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவில் இருக்கிறது. இங்கே க்ரப்பிலும் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு முன்பே தாய்ப்பலகையின் பட்டியிலும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு இயங்குதளங்களும் ஒரே வட்டில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆகவே வட்டு என்ற சொல்லை உள்ளே நுழைக்க வேண்டாம்.

பழையதோ புதியதோ, மாறாதது ஒன்றுதான்: தொடங்கும் இடத்தில் இரண்டு வழிகள், போவது ஒன்றில். எனவே என் முன்மொழிவு இருவழித் தொடக்கம். புழக்கத்தில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்:

‘இந்த மடிக்கணினியில் இருவழித் தொடக்கம் அமைத்திருக்கிறேன்.’
‘மூன்றாவதாக டெபியன் லினக்சையும் போட்டால் பல்வழித் தொடக்கம்.’
‘புதுப்பித்த பிறகு இருவழித் தொடக்கம் வேலை செய்யவில்லை, நேராக விண்டோசுக்குப் போகிறது.’

இருவழி என்றால் போக்கும் வரவும் உள்ள சாலை ஆயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாலையோடு சேரும்போது அந்தப் பொருள் வருகிறது. தொடக்கத்தோடு சேரும்போது போக்குவரத்து நினைவுக்கு வர இடம் குறைவு என்றே எனக்குப் படுகிறது. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வேன்; ஆனால் அதிலும் ‘ஒரு நேரத்தில் ஒன்று’ என்பது தெரிய வேண்டும்.

துணைச் சொற்கள் இரண்டு. பூட் லோடருக்குத் தொடக்க ஏற்றி. அது உண்மையிலேயே கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. பார்ட்டிஷனுக்குப் பகிர்வு என்று எழுதுவதை நிறுத்திக்கொள்வோம், ஷேர் செய்வதற்கு அது போய்விட்டது. கடைகளில் ‘டிரைவ் பிரிச்சுக் குடுங்க’ என்றுதான் கேட்கிறார்கள். வட்டுப் பிரிவு போதும்.

டூயல் பூட் என்றே விடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் என்ற இந்திய லினக்சும் சேர்ந்து வந்தது. வீட்டின் முதல் கணினியே அதுதான் என்ற பிள்ளைகள் பலர். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் திரைக்குத் தமிழில் பெயர் இல்லை; வந்ததும் லினக்சை அழித்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். பெயர் ஒன்று மட்டும் அவர்களைத் தடுத்திருக்காது. ஆனாலும் ‘இது இருவழித் தொடக்கம், இரண்டும் உன்னுடையது’ என்று ஒரு வரி தமிழில் இருந்திருந்தால், சிலராவது மற்ற வழியையும் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், முக்கியமாக இலங்கை நண்பர்கள். ‘இருவழி’ அங்கே வேறு எந்தப் பொருளிலாவது புழங்குகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வழிகாட்டியில் சொல்லை மாற்றுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘டூயல் பூட் எனப்படும்’ என்று சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்