மாதா பக்தி இயேசுவிடம் கொண்டுபோகிறதா, குறுக்கே நிற்கிறதா?

சீயோன்_மகன்:
மரியாளை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது எப்போதுமே பொருத்தமற்றது என்று 2025 நவம்பர் 4-ல் வத்திக்கானே குறிப்பு வெளியிட்டுவிட்டது. போப் லியோவின் ஒப்புதலோடுதான். “தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே” (1 தீமோத்தேயு 2:5) என்று புராட்டஸ்டன்ட்டுகளான நாங்கள் தொண்டை வற்றக் கத்தியது இதைத்தானே? அப்படியே ஜெபமாலையையும் கீழே வைத்துவிடலாம்.

பரதவன்:
குறிப்பை முழுசாகப் படித்தீர்களா பிரதர்? வேண்டாம் என்பது அந்தப் பட்டத்தை. பக்தியை அல்ல. அதன் தலைப்பே ‘நம்பிக்கை கொண்ட மக்களின் தாய்’.

இது கத்தோலிக்கரான எங்களுக்குள் பழைய சண்டை. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாவுக்குத் தனி ஏடு போடுவதா, திருச்சபை பற்றிய ஏட்டுக்குள் சேர்ப்பதா என்று 1963 அக்டோபர் 29-ல் வாக்கெடுத்தார்கள். 1114-க்கு 1074. வெறும் நாற்பது வாக்கில் ‘உள்ளே சேர்ப்போம்’ என்றவர்கள் ஜெயித்தார்கள். அதனால்தான் அந்த ஏட்டின் 8-ஆம் அதிகாரமாக மரியா வருகிறார்.

அப்புறம் ஜெபமாலை. அதில் தியானிப்பது யாருடைய வாழ்க்கையை? இயேசுவின் பிறப்பு, கெத்சமனி, சிலுவை, உயிர்ப்பு.

சீயோன்_மகன்:
ஏடு இருக்கட்டும், நடப்பதைப் பாருங்கள். வேளாங்கண்ணியில் பழைய மாதா குளத்துப் பாதையில், சுடுமணலில் முழங்காலாலேயே நகர்கிறார்கள். ஒரு கையில் மெழுகுதிரி, இன்னொரு கையில் சேலையை இழுத்துப் பிடித்தபடி. யாரிடம் நேர்ச்சை என்று கேளுங்கள். ‘மாதா குடுத்த பிள்ளை’ என்பார்களே தவிர இயேசு பெயர் வருகிறதா?

நடுக்கரை:
நானும் ஆர்.சி.தான். சீயோன் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. எங்கள் பங்கில் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் என்றால் சப்பரம், வாணவெடி, நிற்க இடமிருக்காது. கிறிஸ்து அரசர் திருநாளுக்குப் பாதி பெஞ்சு காலி. இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம் இருக்கும் நற்கருணைப் பேழையைத் தாண்டும்போது தலைகூடக் குனியாதவர், மாதா சொரூபத்தின் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். கோட்பாடு சரியாகத்தான் இருக்கிறது, மறைக்கல்விதான் படுத்துவிட்டது. நாலாம் நூற்றாண்டிலேயே மரியாவுக்கு அப்பம் படைத்த பெண்களை ஆயர் எப்பிபானியுஸ் கண்டித்திருக்கிறார். மரியாவுக்கு மரியாதை, ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்பது அவர் வாதம். இன்றைக்கு அதை எந்தச் சாமியார் திருவிழா மேடையில் சொல்கிறார்?

பரதவன்:
சொல்ல வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மன்றாட்டுமாலையைக் கவனியுங்கள். ஆண்டவரிடம் ‘இரக்கமாயிரும்’ என்கிறோம், மாதாவிடம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்கிறோம். கேட்பதே வேறு வேறு. நீங்கள் மட்டும் ‘எனக்காக ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்’ என்று போன் போடுவதில்லையா?

சீயோன்_மகன்:
பாஸ்டர் உயிரோடு இருக்கிறார், போனை எடுக்கிறார்! ஒரே நேரத்தில் லட்சம் பேர் லட்சம் ஊரிலிருந்து ஜெபித்தால் மரியாளுக்கு எப்படிக் கேட்கும்? அது தேவனுக்கு மட்டுமே உள்ள வல்லமை. அதை அவளுக்குக் கொடுத்த பிறகு ‘ஆராதிக்கவில்லை’ என்றால் எப்படி?

பரதவன்:
சொந்த வல்லமையில் கேட்கிறார் என்று யார் சொன்னது? வெளிப்படுத்தல் 5:8-ல் இருபத்துநான்கு மூப்பர்கள் கையில் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் நிறைந்த பொற்கலசங்கள் இருக்கின்றன. கடவுள் கொடுக்காமல் அவர்கள் கைக்கு எப்படி வந்தன?

சீயோன்_மகன்:
கலசம் இருக்கிறது, சரி. அந்த மூப்பர்களை நோக்கி ஜெபித்தவன் ஒருவனைக் காட்டுங்கள். ஜெபம் ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவுக்குத்தான் போகிறது.

நடுக்கரை:
இந்த வசனத்தில் ரெண்டு பேரும் இறங்கிவரப் போவதில்லை. சீயோனுக்கு ஒரே கேள்வி. “எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்” என்பதும் (லூக்கா 1:48) வேதம்தானே? 1521-ல் உங்கள் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே, இந்த வசனம் வரும் மரியாளின் பாட்டுக்குத் தனி விளக்கம் எழுதினார். உங்கள் சபையில் அந்த வசனத்துக்குக் கடைசியாக எப்போது பிரசங்கம் கேட்டீர்கள்?

சீயோன்_மகன்:
டிசம்பரில் மட்டும்தான், அதுவும் மேய்ப்பர்களுக்கு நடுவில் ஓரமாக. அது எங்கள் பக்கத்துக் குறை, இருக்கட்டும். பாக்கியவதி என்று நானும் சொல்வேன். ஆனால் அவளிடம் பிள்ளை வரம் கேட்கச் சொன்னால் வரமாட்டேன்.