ரீபிராண்டிங்: பெயரேற்றம், மேலாக்கம், தன்னாக்கம்

வணக்கம் நண்பர்களே,

ரீபிராண்டிங் (rebranding) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக முன்வைக்கப்பட்டிருக்கும் ‘மறுபெயரிடல்’ எனக்குச் சரியாகப் படவில்லை. கணினியில் கோப்பின் பெயரை மாற்றுவதற்கு ‘மறுபெயரிடு’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒரு நிறுவனம் தன் பெயரையே மாற்றிக்கொள்வதையும் ரீபிராண்டிங் என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது, இன்னொருவர் செய்ததை வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்பதற்கு ஒரு சொல்.

கடைத்தெருவில் ‘லேபிள் மாத்தி விக்கிறான்’ என்பார்கள். அதில் ஏமாற்று வாடை அடிக்கிறது. கணினி நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு, ஊரறியச் செய்கிற வேலை இது. அதனால் ‘பெயரேற்றம்’ என்று வைக்கலாம். ‘பெயரேற்றி விற்றார்கள்’, ‘பெயரேற்றிய அச்சுப்பொறி’ என்று வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது.

ஆனால் இந்த ஒரு சொல் போதாது. கணினி, அச்சுப்பொறி விற்கும் எச்பி (HP) நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 2004இல் அவர்கள் விற்ற ஐபாட் (iPod) என்ற பாட்டுக் கருவி, ஆப்பிளின் ஐபாடேதான். பின்பக்கத்தில் எச்பி சின்னம் சேர்ந்தது, அவ்வளவுதான். மறு ஆண்டே அதைக் கைவிட்டார்கள். இது பெயரேற்றம்.

1984இல் வந்த எச்பியின் முதல் லேசர் அச்சுப்பொறியான லேசர்ஜெட்டை அப்படிச் சொல்லிவிட முடியாது. அதன் உள்ளே இருந்தது கேனன் நிறுவனத்தின் சிஎக்ஸ் என்ற அச்சு எந்திரம். லேசர், டிரம், தாளை இழுக்கும் உருளைகள் எல்லாம் கேனன் செய்தவை. அதற்குக் கட்டளையிடும் பிசிஎல் மொழி எச்பியுடையது. அடுத்த ஆண்டு ஆப்பிள் அதே எந்திரத்தை வாங்கி, தன் மின்சுற்றுப் பலகையையும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியையும் சேர்த்து லேசர்ரைட்டர் என்று விற்றது. டோனர் கார்ட்ரிட்ஜ்கூட ஒன்றுடையது இன்னொன்றுக்குப் பொருந்தும். ஆனால் லேசர்ஜெட்டின் நினைவகம் 128 கேபி, லேசர்ரைட்டருக்கு 1.5 எம்பி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஒரு முழுப் பக்கப் படத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி வேண்டும். ஆகவே லேசர்ரைட்டர் பக்கம் முழுக்கப் படம் அச்சிட்டது. லேசர்ஜெட்டில் அந்த நுணுக்கத்தில் சிறிய படம்தான் வரும். விலையும் 3,495 டாலர், 6,995 டாலர் என்று இரு மடங்கு வித்தியாசம். இவ்வளவையும் ‘பெயர் மாற்றினார்கள்’ என்று எழுதினால் அந்தப் பொறியாளர்களின் உழைப்பையே மறைத்துவிடுவோம். பிறர் செய்த எந்திரத்தின் மேல் தன் வேலையைச் சேர்க்கிற இதற்கு ‘மேலாக்கம்’ என்று தனிச்சொல் வேண்டும்.

அதே 1984இல் எச்பி தன் ஆய்வகத்தில் உருவாக்கிய மையச்சு (இங்க்ஜெட்) நுட்பத்தோடு திங்க்ஜெட் அச்சுப்பொறியைக் கொண்டுவந்தது. அது தன்னாக்கம்.

அப்புறம் ஓஇஎம் (OEM, original equipment manufacturer). ‘அசல் கருவி உற்பத்தியாளர்’ என்று எழுதுகிறோம். செய்துகொடுப்பவரா, வாங்கிப் பெயர் போடுபவரா என்று படிப்பவருக்குப் புரிவதில்லை. ஆங்கிலத்திலேயே இரு தரப்புக்கும் அது வழங்குகிறது. ‘செய்துதருநர்’, ‘பெயரேற்றுநர்’ என்று பிரித்துவிட்டால், ஐபாடில் ஆப்பிள் செய்துதருநர், எச்பி பெயரேற்றுநர்.

‘மேலாக்கம்’ மட்டும் ‘மேம்படுத்தல்’ என்பதோடு குழம்புமோ என்று தயக்கமாக இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள்.