தோப்பு வீட்டுக் குழு: அம்மா மத்திகிரிக்குப் போவதா?

புதன், இரவு

8:42 செந்தில்: எல்லோருக்கும் ஒரு விஷயம். ஓசூர் பக்கம் மத்திகிரியில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. கீழ்த்தளம், இரண்டு அறை, பின்பக்கம் கொஞ்சம் மண் தரை. வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். ஞாயிறு வரைக்கும் வேறு யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அம்மா எங்களோடு வந்தால்தான் இந்த வீடு. இல்லையென்றால் இப்போது இருக்கும் மாடி வீடே போதும்.

8:44 கலா அக்கா: அம்மாவிடம் கேட்டாயா

8:44 செந்தில்: கேட்டேன். பார்க்கலாம் என்று ஒரே வார்த்தை

8:45 கலா அக்கா: அப்போ வேண்டாம் என்று அர்த்தம்

8:47 செல்வி அத்தை: தலைத்திவசத்துக்கு அனுப்பிய என் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

8:49 மணி அண்ணன்: ஓசூர் வரைக்கும் ஏன் செந்தில்? பாலக்கோட்டில் என் வீடு இல்லையா? அம்மா இருக்கும் மாந்தோப்பிலிருந்து பத்து நிமிடம். அம்மா இங்கேயே வரலாம்.

8:50 கலா அக்கா: மணி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்

8:50 மணி அண்ணன்: ஏன்

8:51 கலா அக்கா: உனக்கே தெரியும்

8:52 சுரேஷ் மாமா: குழுவில் எதற்கு. போனில் பேசிக்கொள்ளுங்கள்

8:58 பெரியப்பா: அன்புள்ள பிள்ளைகளுக்கு. மத்திகிரி என்றதும் ஏதோ அந்நிய ஊர் என்று நினைக்க வேண்டாம். 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூரும் நம்மோடு சேர்ந்துதான் வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும் வரைக்கும் அவர்களும் நாமும் ஒரே மாவட்டம். நான் அந்தப் பக்கம் ஆறு வருடம் வாத்தியாராக இருந்தவன். மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் படைக் குதிரைகளுக்காக ஏற்படுத்தியது. 1,600 ஏக்கருக்கு மேல் இருக்கும். அதனால்தான் ஓசூர் இவ்வளவு நெருக்கியடித்து வளர்ந்தும் அந்தப் பக்கம் புல்வெளியும் பெரிய பெரிய மரங்களும் தங்கியிருக்கின்றன. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரம். சித்திரையில்கூட ராத்திரி போர்த்திக்கொண்டுதான் படுப்போம்.

8:59 செல்வி அத்தை: பெரியண்ணா, அண்டா

9:04 பெரியப்பா: இன்னும் முடிக்கவில்லை செல்வி. என் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் பாதிகூடத் தேறமாட்டார்கள். தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கலந்துதான் உட்கார்ந்திருக்கும். 1956-இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது ஓசூர் நம் பக்கம் நின்றது. கோடு மேலே போட்டார்களே தவிர, தெருவில் யாரும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. புதிதாக வந்த ஒரு பையனுக்கு நான் சொல்லும் கணக்கு புரியாது. பக்கத்துப் பையன் அதைத் தெலுங்கில் சொல்வான், அவன் விடையைக் கன்னடத்தில் சொல்வான், நான் தமிழில் சரி போடுவேன். ஒரு நாள்கூட இதில் சண்டை வந்ததில்லை. இராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளியும் அங்கே பக்கம்தான். தம்பி மனைவி அங்கே போவதில் எனக்குத் துளியும் பயம் இல்லை. போக மனசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

9:05 சுரேஷ் மாமா: 🙏

9:11 திவ்யா: ஃபார்வர்ட் வந்தது. மத்திகிரியில் யானைக் கூட்டமாம். பால் வாங்கப் போனவரை விரட்டியதாம். சித்தப்பா நிஜமா?

9:12 செல்வி அத்தை: ஐயோ. அண்ணி வேண்டவே வேண்டாம்

9:15 ரேவதி: திவ்யா, அந்தப் படம் இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் பாரு, தேயிலைச் செடி. இங்கே ஏது தேயிலை? யானை வருவது நிஜம்தான். ராகி கதிர் முற்றும் நேரத்தில் ஜவளகிரிக் காட்டு வழியாகக் கூட்டமாக வரும். சில நேரம் இராயக்கோட்டை சாலையில் இருக்கும் சானமாவுக் காட்டில் வந்து தங்கும். அந்த நாளில் வனத்துறைக்காரர்கள் ஊர் ஊராக அறிவிப்பார்கள். நாங்கள் பார்த்த வீடு தெருவுக்குள் இருக்கிறது.

9:16 மணி அண்ணன்: அந்த சானமாவு வழியாகத்தானே பஸ் வரும்

9:16 ரேவதி: ஆமாம் மாமா. அத்தையை ரயிலில் அழைத்து வரலாம்

9:18 செல்வி அத்தை: உங்களுக்காவது பாலக்கோட்டில் ரயில் நிற்கிறது. கிருஷ்ணகிரியில் அதுவும் இல்லை. அண்ணி ஓசூர் போய்விட்டால் நான் வந்து பார்க்க பஸ்தான்

9:20 சுரேஷ் மாமா: மத்திகிரி என்றால் அணைப் பக்கமா? ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை போகுமே

9:22 செந்தில்: அது கெலவரப்பள்ளி மாமா, வேறு திசை. அந்தப் பக்கம் ஒரு வீடு இதைவிட 3,000 குறைவாகவே கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும், பின்னால் மலை. போட்டோவில் பார்த்தால் இன்றைக்கே பெட்டியைக் கட்டத் தோன்றும். பெங்களூருக் கழிவெல்லாம் தென்பெண்ணையில் கலந்து வருகிறது. மழை பெய்து மதகு திறந்த மறுநாள் போய் நின்றேன். பத்து நிமிடத்தில் கண் எரிந்தது. அம்மாவுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

9:23 கலா அக்கா: நல்ல வேலை செய்தாய். இந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர்?

9:24 செந்தில்: ஒகேனக்கல் தண்ணீர்தான். மற்றதற்கு போர்வெல்

9:27 கலா அக்கா: அது ஒன்றே எனக்குப் போதும். 2013-இல் ஒகேனக்கல் திட்டம் தொடங்கியும் அம்மா இன்னும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் ஆகாது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நம் மூன்று பேர் பல்லையும் பார்த்த பிறகுமா? உங்கள் அப்பா வெட்டிய கிணறு என்று வாயை அடைத்துவிடும்.

9:31 மணி அண்ணன்: தண்ணீர் நான் கேன் போடுகிறேனே

9:31 கலா அக்கா: போடுகிறாய். அதில் மாட்டுக்குக் கூழ் கரைக்கிறது

வியாழன்

6:50 பெரியப்பா: காலை வணக்கம். இன்று கிருத்திகை.

7:20 சுரேஷ் மாமா: ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலம் கல்யாணத்துக்கு வேன் யார் சொன்னது? ஆள் கணக்கு வேண்டும்

7:22 செல்வி அத்தை: நாங்கள் 4 பேர். காரிமங்கலத்தில் நேராக ஏறிக்கொள்கிறோம்

7:23 சுரேஷ் மாமா: காரிமங்கலத்தில்தான் கல்யாணமே

1:10 ரேவதி: ஒரு விஷயம் சொல்கிறேன். சொல்லலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். போன மாதம் கண் காட்ட வந்தபோது அத்தை அந்த வீட்டைப் பார்த்துவிட்டார்கள். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த நேரம். இவர் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம். எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா கன்னடம். நடுவில் ஒரு பேசின் நிறைய ஊறவைத்த அவரைக் கொட்டை. இரண்டு பேரும் பிதுக்குகிறார்கள். கட்டைவிரலால் லேசாக ஓர் அழுத்து, தோல் விரலோடு நின்றுவிடும், பருப்பு தட்டில் போய்த் துள்ளி விழும். அத்தை கை வேகத்துக்கு அந்த அம்மாவால் ஈடு கொடுக்க முடியவில்லை. அவர்கள் ஹிதிகிதபேளே என்றார்கள், அத்தை பிதுக்கம்பருப்பு என்றார்கள். ஒருத்தர் கன்னடம், ஒருத்தர் தமிழ், முக்கால் மணி நேரம். கிளம்பும்போது ஒரு சொம்பு பருப்பு கொடுத்தார்கள். யுகாதிக்கு ஒப்பட்டு தட்டித் தருகிறேன், கட்டாயம் வாருங்கள் என்றும் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது அத்தை அந்தச் சொம்பை மடியிலேயே வைத்திருந்தார்கள். மாமனார் போன பிறகு அத்தை அவ்வளவு நேரம் யாரோடும் உட்கார்ந்து பேசி நான் பார்க்கவில்லை.

1:12 கலா அக்கா: எனக்கு அழுகை வருகிறது ரேவதி

1:15 மணி அண்ணன்: அம்மா வீடு பார்த்தாச்சா? ஒரு மாதமாக என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை

1:16 செந்தில்: அப்போது எதுவும் முடிவாகவில்லை அண்ணா

1:18 மணி அண்ணன்: கிழக்குத் தோப்பு விற்றபோதும் இதையேதான் சொன்னீர்கள்

1:18 கலா அக்கா: மணி

1:19 செந்தில்: அது அப்பா எடுத்த முடிவு. பணம் யார் கல்யாணத்துக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டுமா

1:19 கலா அக்கா: என் கல்யாணத்துக்குத்தான். போதுமா. இரண்டு பேரும் நிறுத்துங்கள்

1:24 பெரியப்பா: மணி, செந்தில். இதை உன் அப்பன் இருக்கும்போதே நான் தீர்த்து வைத்தேன். மறுபடியும் குழுவில் வரக்கூடாது.

1:25 செல்வி அத்தை: அண்டா

1:40 மணி அண்ணன்: பெரியப்பா, மன்னிக்கவும். திங்கட்கிழமை அம்மா துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்தபோது எனக்கு மூன்று தடவை போன் வந்திருக்கிறது. மண்டியில் தக்காளி ஏலம். சத்தத்தில் கேட்கவில்லை. பால்காரர்தான் போய்த் தூக்கியிருக்கிறார். நான்கு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. பத்து நிமிட தூரத்தில் இருந்தும் நான் போகவில்லையே. அம்மா ஓசூர் போனால் அதற்காகத்தான் போகிறது என்று ஊர் பேசும். அதை விடுங்கள், எனக்கே அப்படித்தான் தோன்றும்.

1:43 செந்தில்: அண்ணா அப்படி யாரும் நினைக்கவில்லை

1:44 ரேவதி: மாமா, மருத்துவமனையில் இரண்டு ராத்திரி கூட இருந்தது நீங்கள்தான்

1:52 கலா அக்கா: மணி போனை எடு

6:35 திவ்யா: தோப்பில் இருக்கிறேன். ஆயா பேசுகிறது, நான் டைப் பண்ணுகிறேன்.

6:44 திவ்யா: "குழுவில் நீங்கள் பேசியதெல்லாம் பாப்பா படித்துக் காட்டினாள். உங்கள் பெரியப்பாவுக்கு என் நமஸ்காரம். மொழி தெரியாத ஊரில் என்ன செய்வேன் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். இராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடையை இறக்கி வைத்துத் தெலுங்கில் விலை பேசியவள் நான். என் கவலை வேறு. தோப்பு இப்போதுதான் பூவெடுத்திருக்கிறது. உங்கள் அப்பா கடைசியாக வைத்த பீத்தர் மரம் இந்த வருடம்தான் கிளைக்குக் கிளை பூத்திருக்கிறது. தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டும். குத்தகைக்காரன் வந்து பூவைப் பார்த்துத்தான் விலை சொல்வான். அந்த நேரத்தில் நான் எப்படிப் போவேன்."

6:46 திவ்யா: "மணி, நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே சாமி. கல் வழுக்கியது, நான் விழுந்தேன். உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை."

6:47 திவ்யா: ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டது

6:50 மணி அண்ணன்: மருந்து நான் அடிக்கிறேன். குத்தகையும் நானே பேசுகிறேன். பெங்களூரா மாங்காய் எல்லாம் கூழ் ஆலைக்குத்தான் போகும், அதற்குப் பூவிலேயே விலை பேசலாம். பீத்தரும் செந்தூராவும் வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

6:51 செந்தில்: விலை எவ்வளவு சொல்கிறான் என்று குழுவில் போட்டுவிடு அண்ணா

6:51 மணி அண்ணன்: போடுகிறேன்

7:05 திவ்யா: "யுகாதி வரைக்கும் போய் இருந்து பார்க்கிறேன். காய் முற்றும்போது தோப்புக்கு வந்துவிடுவேன். அப்புறம் மறுபடி போவதைப் பற்றி அப்போது பேசலாம். மாட்டை யார் பார்ப்பது என்று முதலில் சொல்லுங்கள்."

7:06 கலா அக்கா: இரண்டு மாதத்துக்கு ஒரு லட்சம் அட்வான்ஸா?

7:08 செந்தில்: வீட்டுக்காரரிடம் 5,000 மட்டும் கொடுத்து வைக்கிறேன். ஞாயிறு அம்மா ஒரு தடவை நேரில் வந்து, அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும். குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று தெரிய வேண்டும்.

7:09 சுரேஷ் மாமா: ஞாயிறு காரிமங்கலம் கல்யாணம்

7:09 செந்தில்: ஐயோ

7:12 பெரியப்பா: தாலி கட்டியதும் கிளம்பலாம். நானும் வருகிறேன். பண்ணையைப் பார்த்து முப்பது வருடம் ஆகிறது. அந்தப் பெரிய மரங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

7:13 கலா அக்கா: பெரியப்பா உங்கள் முழங்கால்

7:13 பெரியப்பா: காலுக்கு என்ன. ரயில்தானே.

7:30 வசந்தா அண்ணி: அத்தைக்கு நாலு படி ராகி அரைத்து வைத்திருக்கிறேன். அங்கே கடையில் வாங்கும் மாவில் களி உருண்டை பிடிக்க வராது. துடுப்பும் கொடுத்து அனுப்புகிறேன். மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். மாவு அத்தனையும் ஒரு பெரிய அண்டாவில்தான் இருக்கிறது. அது உங்களுடையதா என்று சின்னம்மாதான் சொல்ல வேண்டும்.

7:31 மணி அண்ணன்: வசந்தா நீ எப்போது குழுவைப் படித்தாய்

7:34 கலா அக்கா: நன்றி வசந்தா

7:38 செல்வி அத்தை: என்னுடையதில் கழுத்துப் பக்கம் பெயர் வெட்டியிருக்கும். மாவை எடுத்துவிட்டு ஒரு போட்டோ போடு கண்ணு

7:52 வசந்தா அண்ணி: பெயர் இருக்கிறது. ஆனால் பெரியம்மா பெயர் வெட்டியிருக்கிறது

7:53 பெரியப்பா: அது எங்கள் வீட்டு அண்டா. எட்டு வருடமாகத் தேடுகிறோம்.

7:54 செல்வி அத்தை: அப்போ என்னுடையது?

8:01 சுரேஷ் மாமா: வேனுக்கு இதுவரை 11 பேர். ஓசூர் போகிறவர்கள் திரும்ப வேனில் வரமாட்டீர்கள் அல்லவா, கையைத் தூக்குங்கள்