காளையைத் தாளைப் பார்த்து எடுப்பதா, மாட்டைப் பார்த்து எடுப்பதா?

கந்தப்பளை_பட்டி:
லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் எங்களுக்கு இரண்டு பிரீசியன் கலப்பு மாடு நிற்கிறது. பெரியது அடுத்த வாரம் பருவத்துக்கு வரும். சினை ஊசி போட வருகிறவர் இந்தத் தடவை வெளிநாட்டு விந்து இரண்டு வகை இருக்கிறது, வேண்டியதைச் சொல்லுங்கள் என்று காளைகளின் மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று பிரீசியன், பால் +900 கிலோ. மற்றது ஜேர்சி. அதில் பால் குறைவு, ஆனால் கொழுப்பும் மகள்களின் சினைபிடிப்பும் நன்றாக இருக்கிறது. அப்பா தாளைக் கையிலும் எடுக்கவில்லை, "மாட்டைப் பார்த்து முடிவெடு" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா_பால்:
அப்பா சொல்வதுதான் சரி தம்பி. அந்தக் கணக்கு வந்தது சமதரையில் வயிறு நிறையத் தீனி தின்ற மாடுகளிடமிருந்து. நாங்கள் போடுவது ஓடைக்கரையில் அறுத்த புல்லும், கையில் காசிருந்தால் கொஞ்சம் புண்ணாக்கும். எங்கள் பட்டியில் உயரமான பிரீசியன் ஒன்று நின்றது. மழைக்காலத்தில் சீமெந்துத் தரை காயவே இல்லை, பின்னங்கால் குளம்பு இடுக்கில் புண் வந்துவிட்டது. எழும்பும்போது முழங்காலிலேயே நின்று மூச்சு வாங்கும், பிறகு மறுபடி படுத்துவிடும். பக்கத்தில் நின்ற குட்டை ஜேர்சி கலப்புக்கு அதே தரையில் ஒன்றும் ஆகவில்லை. இதற்கெல்லாம் தாளில் நம்பர் இருக்கிறதா?

பதுளை_கால்நடை:
இருக்கிறது அண்ணே. உயரம், கால், குளம்பு, மடி எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி உண்டு. பால் வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளையே தள்ளக் கூடாது.

தம்பி, +900 என்றால் உங்கள் வாளியில் 900 கிலோ கூடும் என்று அர்த்தம் இல்லை. அந்த நாட்டில் அந்த இனத்தின் சராசரிக் காளையின் மகள்களைவிட, அதே கவனிப்பில், இந்தக் காளையின் மகள்கள் ஒரு கறவைக்காலத்தில் அவ்வளவு கூடுதலாகக் கறக்கும் என்ற எதிர்பார்ப்பு அது. 305 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 3 கிலோ. நம் தீனியில் அந்த வித்தியாசம் முழுசாகத் தெரியாது. இதில் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன்.

கண்ணை மட்டும் நம்பும் இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் 25-30 சதவீதம் பரம்பரை, மீதி தீனியும் பராமரிப்பும். சினைபிடிப்பில் பரம்பரையின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. ஒரு மாடு முதல் ஊசியிலேயே பிடித்தது என்பதால் அதன் மகளும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே காளையின் மகள்கள் பல பட்டிகளில் எப்படிப் பிடித்தன என்று சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நமக்கு வருடம் ஒரு கன்று வேண்டும் என்பதுதானே பெரிய கவலை? அந்தக் குணத்தைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கவே முடியாது, தாள்தான் உதவும்.

மஸ்கெலியா_பால்:
அந்தத் தாள்காரர்கள்தான் பல வருடம் பாலை மட்டும் பார்த்துக் காளை பொறுக்கி, பிரீசியனோடு சேர்ந்த ஹோல்ஸ்டீன் இனத்தின் சினைபிடிப்பையே கெடுத்தார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதுளை_கால்நடை:
அது நடந்ததுதான். ஆனால் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்ததும் பதிவுகள்தான். 2003 முதல் அமெரிக்காவில் மகள்களின் சினைபிடிப்புக்கும் மதிப்பீடு வெளியிடுகிறார்கள். 1962 இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளையின் கதையையும் பாருங்கள். அதன் மகள்கள் பாலில் கெட்டி. கூடவே, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால் கருவைக் கொல்லும் மரபணுப் பிழை ஒன்றும் உலகமெல்லாம் பரவியது. காளையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது. 2011 இல்தான் மரபணுப் பரிசோதனைத் தரவுகளில் பிடிபட்டது.

தலவாக்கலை_அக்கா:
இரண்டு பேரும் புல்லை யார் சுமப்பது என்று கேட்கவில்லையே. மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தின்னும். 400 கிலோ ஜேர்சிக்கு 40 கிலோ, 600 கிலோ பிரீசியனுக்கு 60 கிலோ. கொழுந்து எடுத்து முடித்து, அந்தப் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அந்த மேலதிக 20 கிலோ எந்தத் தாளில் இருக்கிறது? பால் சேகரிக்கும் இடத்திலும் கொழுப்பையும் பார்த்துத்தான் காசு.

அப்புறம் தம்பி, உங்கள் பெரிய மாடு எந்தக் காளைக்குப் பிறந்தது? நம் பக்கத்தில் யாரும் எழுதி வைப்பதில்லை. தகப்பன் விந்தையே மகளுக்குப் போட்டால் கன்றின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய இரத்த உறவுக்குள் சேர்வது) 25 சதவீதம். விந்து வரும் குச்சியில் காளையின் இலக்கம் இருக்கும், ஊசி போட்டதும் கேட்டு வாங்கி ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

பதுளை_கால்நடை:
அக்கா சொன்னது முக்கியம். கோ-3 புல் நட இடமும் தண்ணீரும் இருந்தால் பிரீசியன் என்றுதான் நான் சொல்வேன். இடம் இல்லையென்றால் ஜேர்சி. சின்ன மாட்டுக்கு எப்படியும் ஜேர்சிதான், கன்று சிறியதாக இருக்கும், போடுவது லேசு.

மஸ்கெலியா_பால்:
நானும் ஜேர்சிதான் சொல்கிறேன், ஆனால் தாளுக்காக இல்லை. எந்த விந்தாக இருந்தாலும் நேரம் தப்பினால் 21 நாள் வீண். விடியற்காலையில் கத்துகிறதா, வாலடியில் கண்ணாடி மாதிரி சளி தொங்குகிறதா என்று பட்டிக்குள் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். இதை இங்கே இரண்டாவது இடத்தில் வைத்துப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கந்தப்பளை_பட்டி:
நன்றி அக்கா, அண்ணன்மாரே. புல் நட இடம் இல்லை, ஓடைக்கரைதான். பெரிய மாட்டின் தகப்பன் யாரென்று அப்பாவுக்கும் ஞாபகம் இல்லை, பிரீசியன் என்று மட்டும் தெரியும். ஜேர்சி போட்டால் அந்தப் பயமும் இல்லைதானே? காலையில் பருவம் தெரிந்தால் அன்று பின்னேரமே ஊசிக்குச் சொல்லிவிடலாமா?

பதுளை_கால்நடை:
வேறு இனம் என்பதால் அந்தப் பயம் இல்லை. காலையில் கண்டால் அன்று பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. இலக்கத்தை எழுத மறக்க வேண்டாம்.